ஓட ஓடச் சரியாகுமா?

புது காரின் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, கூலன்ட் மட்டம் இறங்குகிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாயிடும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. வண்டி வாங்கியவரும் நம்பிவிடுகிறார். வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்கிறார்களே! இந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதுதான் சிக்கல். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இழைந்து படிய முதல் ஆயிரம் கிலோமீட்டர் அளவில் ஓட்டம் வேண்டும். பிரேக் பேடும் டிஸ்க்கோடு பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். ஆனால் இது ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு மட்டுமே பொருந்தும். கசியும் கேஸ்கெட் ஓட ஓட அடைபடாது. கோணம் தப்பிய சக்கரம் தானாக நேராகாது. டயரைத்தான் ஒரு பக்கமாகத் தின்னும்.

குறையைப் பழக்கமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சாட்சி. அதன் கோபால்ட் போன்ற கார்களில் சாவி ஸ்விட்ச் தளர்வாக இருந்தது. கொத்துச் சாவியின் கனத்திலோ முழங்கால் இடித்தோ சாவி திரும்பினால், ஓடும் வண்டியின் என்ஜின் அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. 2005-இல் டீலர்களுக்குப் போன அறிவுறுத்தல், சாவிக்கொத்தின் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி வாடிக்கையாளரிடம் சொல்லச் சொன்னது. வண்டிகள் திரும்பப் பெறப்பட்டது 2014-இல்தான். 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது.

"வாரண்டி இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். வாரண்டி காலத்தாலும் கிலோமீட்டராலும் கரைவது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் முன் பேசுவது காகிதம். முதல் மாதமே இருந்த குறை பதினான்காம் மாதம்தான் சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டில் ஏறினால், "நீங்கள் ஓட்டிய விதம்" என்று சொல்ல டீலருக்கும் கம்பெனிக்கும் வழி பிறந்துவிடும்.

சின்னச் சத்தத்துக்கெல்லாம் புகார் எழுதினால் டீலரோடு உறவு கெடாதா என்றும் கேட்கலாம். வாரண்டி வேலைக்கு டீலருக்குப் பணம் தருவது கம்பெனிதான். அதற்கு அவருக்கும் அந்தப் பதிவு தேவை. ஆகவே எழுதச் சொல்வது சண்டையல்ல. சொன்ன குறை ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று சுருங்கியிருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. "அறுபது கிலோமீட்டர் வேகத்தில், சமமான சாலையில், இடப்பக்கம் இழுக்கிறது" என்றே இருக்க வேண்டும். அதன் கீழே, "ஓட ஓடச் சரியாகும்" என்று அவர்களையும் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். நம்பிச் சொன்னவருக்கு எழுதித் தருவதில் தயக்கம் ஏன் வரப்போகிறது?