கிரைண்டர் வாங்கப் போகும் தோழருக்கு

போனஸ் வாங்கிய கையோடு பஞ்சாலைத் தோழர் ஒருவர் நம்மைக் காண வந்தார். 2022ஆம் ஆண்டு அது. கையில் மடித்த நோட்டீசு ஒன்று. அதில் பளபளக்கும் மிக்சியின் படம். 1000 வாட், ஐந்து ஜார், பழச்சாறு பிழியத் தனி ஏற்பாடு! "வீட்டுக்கு இதை வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்றார். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டோம். "அவளுக்கு இன்னும் தெரியாது. கொண்டுபோய் இறக்கித் திகைக்க வைக்கப் போகிறேன்" என்றார்.

திகைப்பார், ஐயமில்லை!

தறியில் நிற்பவனை ஒரு வார்த்தை கேட்காமல் புதுத்தறி இறக்கும் முதலாளியைக் கண்டால் நாம் சீறுகிறோம். சங்கத்தைக் கூட்டித் தீர்மானம் போடுகிறோம். அடுப்படிக்கு இயந்திரம் வாங்கும்போது மட்டும் நாமே அந்த முதலாளியாகி விடுகிறோமே, இது முறைதானா தோழர்களே?

மிக்சி பிறந்த கதையையே பாருங்கள். சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்சி இருந்தது. ஐரோப்பியச் சமையலுக்காகச் செய்த அந்த இயந்திரம், நம் நாட்டுப் பருப்பையும் மசாலையும் அரைக்கத் திணறிப் பழுதானது. அவர் மனைவி மாதுரிக்குத்தான் அந்தத் தொல்லை. இந்நாட்டு அரைப்பைத் தாங்கும் மோட்டாரோடு 1963இல் 'சுமீத்' பிறந்ததென்றால், அதற்கு வித்திட்டது அந்த அடுப்படித் தொல்லையன்றோ?

அதற்கு முன்பே, 1955இல், கோவையில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிவிட்டார். குழவியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தோள் இற்றுப்போன தாய்மார்களுக்கு அது எத்தகைய விடுதலை என்பதை, ஆட்டுக்கல் முன் ஒருநாளும் உட்காராத ஆடவர்கள் உணர்ந்தார்களோ என்னவோ, நாமறியோம்.

தோழரைக் கேட்டோம்: உம் வீட்டில் எத்தனை பேர்? ஆறு பேர். வாரத்தில் இட்லி, தோசை எத்தனை நாள்? ஐந்து நாள். அப்படியானால் மிக்சியின் ஐந்து ஜாரால் என்ன பயன்? மிக்சியின் கத்தி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும், மாவு சூடேறும், உளுந்து பொங்கி வராது. கல்லோ மெதுவாகச் சுற்றும். மாவு குளிர்ந்தே இருக்கும். அதே உளுந்தில் கல் கூடுதல் மாவு தரும். இதை எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லிவிடுவார். மின்சாரக் கணக்கையும் பார்ப்போம். மேசைமேல் வைக்கும் 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 750 வாட் மிக்சி எட்டு நிமிடத்தில் அதைத் தின்றுவிடும். ஆக, கிரைண்டரால் கட்டணம் ஏறிவிடும் என்ற அச்சம் வீண். உண்மையில் மின்சாரம் தின்பது சூடேற்றும் பொருள்தான்: 2000 வாட் மின்னடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட் போய்விடும்.

இருவர் மட்டும் வாழும் வீடா? வாரத்துக்கு ஒருமுறை இட்லியா? அங்கே நல்ல மிக்சி ஒன்றே போதும். எது வாங்கினாலும் கழுவுபவர் யார், கல்லைத் தூக்குபவர் யார், தெருமுனைக் கடையில் பெல்ட்டும் கார்பன் பிரஷ்ஷும் கிடைக்குமா என்று பாருங்கள். வண்ணத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

குக்கரில் மட்டும் மலிவு தேடவேண்டாம். வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் இணையவழி வணிகப் பெருநிறுவனம் ஒன்றின் வழியே தரமற்ற குக்கர்கள் 2,265 விற்பனையாயின. 2022 ஆகஸ்டில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்த அபராதம் ஒரு லட்சம் ரூபாய். குக்கர் ஒன்றுக்கு 44 ரூபாய்! வெடித்தால் முகம் வேகப்போவது யாருக்கு?

இனி, நம் பையைத் தடவும் டில்லியின் கைக்கு வருவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கிரைண்டருக்கு 28 விழுக்காடு வரி. ஆடம்பரப் பொருளின் வரிசையில் ஆட்டுக்கல்லை வைத்தார்கள்! கோவை கூக்குரலிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 12 ஆனது. 2019இல் 5 ஆனது. அதோடு விட்டார்களா? சண்டிகரில் கூடிய மன்றம் 2022 ஜூலை 18 முதல் அதை 18 ஆக்கிற்று. 5,000 ரூபாய் கிரைண்டருக்கு 250 ரூபாயாக இருந்த வரி ஒரே தாவலில் 900 ரூபாய். இடுபொருளுக்கு வரி கூடுதல், விற்கும் பொருளுக்குக் குறைவு, அந்த முரண்பாட்டைக் களைகிறோம் என்றனர். களைய வேண்டுமானால் இடுபொருளின் வரியைக் குறைத்திருக்கக் கூடாதோ? மன்றத்தின் தலைவர், மதுரையில் பிறந்த நிதி அமைச்சர். கிரைண்டர் இன்னதென்று அவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அதே மன்றத்தில் மாநிலங்களின் அமைச்சர்களும் அமர்ந்திருந்தனர் என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது 'இலவசம், இலவசம்' என்று எள்ளியோர் உண்டு. தந்தது எந்தக் கட்சியின் ஆட்சி என்று பார்த்துப் பயனை மறுப்பவர்களல்ல நாம். தொழிற்சாலை முதலாளி இயந்திரம் வாங்கினால் தேய்மானம் என்று வருமான வரியில் கழிவு பெறுகிறார். அதை யாரும் இலவசம் என்று ஏசுவதில்லை. நாளெல்லாம் வீட்டில் உழைப்பவளின் இயந்திரத்துக்கு மட்டும் ஏன் இந்த ஏளனம்?

நம் பஞ்சாலைத் தோழர் அந்த வார விடுமுறையில் மனைவியோடு கடைக்குப் போனாராம். கடைக்காரர் மூன்று கல் கிரைண்டரைக் காட்டி அளந்திருக்கிறார். அம்மையாரோ பேசாமல் உருளையைக் கழற்றி, கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை நான்தான் தினமும் கழுவணும்" என்று சொல்லி இரண்டு கல் கிரைண்டரை எடுத்துக்கொண்டார். ரசீதைக் கொண்டுவந்து நம்மிடம் நீட்டினார் தோழர். மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டு வரிகள் அச்சாகியிருந்தன.