எங்களுக்கும் சும்மா ஊர் பார்க்கப் போகணும்

"ஸ்பெயினுக்கா? என்னத்துக்கு மனே, வேலை ஏதும் சரிவந்திட்டா?"

தோப்பூரில ஒரு தேத்தண்ணிக் கடையில கொப்பியை விரிச்சு வைச்சுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் பக்கத்து மேசை மாமா கேட்ட கேள்வி இது. வேலைக்கு இல்ல மாமா, படிக்கவும் இல்ல, பத்து நாள் சும்மா ஊர் பார்க்க எண்டு சொன்னோம். சிரிச்சார். "காசிருந்தா உம்மாவ உம்றாவுக்கு அனுப்புங்க" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டார்.

மாமாவோட எங்களுக்குக் கோபமில்லை. உம்றாவுக்கு எதிராகவும் ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ள இருக்கிற சட்டத்தை இன்றைக்கு உடைச்சுப் பேச வேண்டியிருக்கு. எங்கட ஊரில விமானம் ஏறுறதுக்கு இரண்டு காரணம்தான் ஹலால்: ஒன்று உழைப்பு, மற்றது இபாதத். கட்டாரில ட்ரைவர், சவூதியில வீட்டு வேலை எண்டா ஒருத்தரும் "என்னத்துக்கு" எண்டு கேட்கிறதில்லை. எங்கட உம்மாமாரில எத்தனை பேர் கைப்பிள்ளையை மூத்தம்மாவிடம் விட்டுட்டுப் போய், இரண்டு வருஷம் ஒரு வீட்டுக் குசினியை மட்டும் பார்த்துட்டுத் திரும்பி வந்தாங்க? அவங்க போன நாட்டில ஒரு கடற்கரையைக்கூட பார்க்கல்ல. அது பயணமாம். நாங்கள் கேட்கிறது ஊதாரித்தனமாம்.

எங்களோட எழுதுற பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தேத்தண்ணிக் கடையே வெளிநாடுதான். இந்தத் திட்டத்தில பாதியை வட்ஸ்அப்பில எழுதினது அவங்க. ரயில் நேரம், அறை வாடகை, எந்த மாசம் வெயில் குறைவு எல்லாம் அவங்கட கணக்கு. ஜூலை, ஓகஸ்டில கொர்தோபாவில வெயில் 40 பாகையைத் தாண்டும், அதனால ஏப்ரல் அல்லது ஒக்டோபர் எண்டு தீர்மானிச்சதும் அவங்கதான். போறதுக்கு அனுமதி கேட்டா வீட்டில முதலாவது கேள்வி "ஆரோட?" இரண்டாவது கேள்வியே வராது.

சரி, வீடு விட்டுட்டுது எண்டே வைப்போம். அடுத்த வாசல் விசா.

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. எங்கட காசில முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல. 2025இல 7,500 ரூபா மஹாபொல எடுத்த பிள்ளைக்கு நாலு மாசக் காசு. விசா மறுத்தா திரும்பக் கிடைக்காது. அதோட குறைஞ்சது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதி, போக வர டிக்கெட் பதிவு, தங்குமிடம், வங்கிக் கூற்று. இதுக்கு மேல ஸ்பெயின் ஒரு கணக்கு வைச்சிருக்கு: வாறவர் ஒரு நாளைக்கு அந்த நாட்டு மாதாந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தில பத்தில் ஒரு பங்கை வைச்சிருக்கணும். 2025இல அந்தச் சம்பளம் 1,184 யூரோ. ஆக, பத்து நாள் போறவர் ஸ்பெயின் தொழிலாளி ஒருத்தரின் ஒரு மாசச் சம்பளத்தைக் கையில காட்டணும். ஏறத்தாழ நாலு இலட்சம் ரூபா. செலவழிக்கிறீங்களோ இல்லையோ, காட்டணும்.

இதெல்லாம் நிரூபிக்கிறது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: நாங்கள் திரும்பி வருவோம் எண்டதை. எங்களைப் பார்த்த உடனே அவங்களுக்கு வாற முதல் சந்தேகம், இவன் வந்தா போகமாட்டான். எங்களில் ஒருத்தர் கொழும்பில ஒரு முகவரிடம் விசாரிச்சப்போ கிடைச்ச பதில்: "ஸ்டூடன்ட், கல்யாணமாகல்ல, காணி உங்கட பேரில இல்ல. வீண் முயற்சி தம்பி." இருபத்திரண்டு வயசில ஆரிட பேரில காணி இருக்கு?

எதிர்ப்பக்கம் எப்படி? ஸ்பெயின்காரர் ஒருத்தர் நிலாவெளிக்கு வரணும் எண்டா வீட்டிலிருந்தே இணையத்தில விண்ணப்பிச்சா சரி. 2024 ஓகஸ்டில எங்கட அமைச்சரவை 35 நாட்டவருக்கு விசாக் கட்டணமே வேண்டாம் எண்டு தீர்மானிச்சப்போ அந்தப் பட்டியலில ஸ்பெயினும் இருந்தது. வரட்டும், நல்லா வரட்டும். புறாத்தீவில நீந்தட்டும், உப்புவெளியில மீன் சாப்பிடட்டும். நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான்: அவர் காணி உறுதி காட்டாமல் திருகோணமலையில சும்மா இருக்கலாம் எண்டா, நாங்களும் கிரனடாவில சும்மா இருக்கலாம்.

ஏன் ஸ்பெயின், மாலைதீவு போதாதா எண்டு கேட்கிறாங்க. அதுக்கும் பதில் இருக்கு.

எங்கட பிறப்புச் சான்றிதழில தமிழில "இலங்கைச் சோனகர்", ஆங்கிலத்தில "மூர்". இந்த மூர் எங்கிருந்து வந்தது? அந்தலூசியாவில வாழ்ந்த முஸ்லிம்களை ஐபீரியர்கள் அழைச்ச பேர் அது. போர்த்துக்கேயர் கப்பலில ஏத்திக்கொண்டு வந்து, இங்க கண்ட முஸ்லிம்களுக்கும் அதையே ஒட்டினாங்க. எங்கட பேரில ஒரு துண்டு அந்த நாட்டிலிருந்து வந்தது.

பேரோட அவங்கட பழக்கமும் வந்தது. 1609இலிருந்து 1614 வரை மூன்று இலட்சமளவு மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயத்தில் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளை, ஸ்பெயினைவிட்டு விரட்டினது மூன்றாம் பிலிப். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசன். 1626இல போர்த்துக்கேயர் இலங்கையில தங்கட ஆட்சிப் பகுதியிலிருந்த சோனகரை வெளியேற்றினப்போ சிம்மாசனத்தில இருந்தது அந்தப் பிலிப்பின் மகன். வந்தவர்களில நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினதாக வரலாறு சொல்லுது. கிழக்கு முஸ்லிம்களிடம் "ஸ்பெயினோட உனக்கென்ன சொந்தம்" எண்டு கேட்கிறவர் இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்க்கட்டும்.

ஆனால் எங்கட ஜும்ஆ மேடைகளில அந்தலூஸ் எப்படி வருது? 711இல தாரிக் கப்பல்களை எரிச்சார், எண்ணூறு வருஷம் ஆண்டோம், மார்க்கத்தை விட்டதால இழந்தோம். முடிஞ்சுது. கப்பல் எரிச்ச கதை சம்பவம் நடந்து சில நூற்றாண்டுக்குப் பிறகு எழுதின நூல்களிலதான் வருது எண்டு சொன்னா, நாங்கள் வழிகெட்டவர்கள். கொர்தோபாவில பிறந்த இப்னு ருஷ்தைப் பெருமையாகச் சொல்ற பயான், 1195இல அவரை லூசெனாவுக்கு நாடுகடத்தி, அவருடைய மெய்யியல் நூல்களை எரிக்கச் சொன்னது ஒரு முஸ்லிம் கலீபா எண்டதைச் சொல்றதில்லை. அதே நகரத்தில பிறந்த யூத அறிஞர் மைமோனிடிஸின் குடும்பம் ஊரைவிட்டு ஓடினதும் அந்த அல்மொஹாத் ஆட்சிக் காலத்திலதான். 1492இல கிரனடா விழுந்த ஜனவரி ஞாபகம் இருக்கு. அதே வருஷம் மார்ச் மாசம் அல்ஹம்றாவிலிருந்து யூதர்களை வெளியேற்றும் கட்டளை வந்தது ஞாபகமில்லை.

ஆண்டதை மட்டும் ஞாபகம் வைச்சா அந்தலூஸ் எங்களுக்கு ஒரு புலம்பல். விரட்டப்பட்டதை ஞாபகம் வைச்சா அது பாடம். 1990 ஒக்டோபரில வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினாங்க. 2006 ஓகஸ்டில மூதூர் சண்டையில எங்கட சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. எங்களில சிலர் அப்போ கைக்குழந்தை, உம்மாமாரின் இடுப்பில போனவங்க. 2015இல ஸ்பெயின் தான் விரட்டின யூதர்களின் சந்ததிக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் போட்டது. மொரிஸ்கோக்களின் சந்ததிக்கு அப்படி ஒன்றும் இல்லை. இதைப் பற்றி எந்தப் பயானிலயும் நாங்கள் கேட்டதில்லை. பெருமை பேசுறதுக்கு எடுக்கிற நேரத்தில பத்து நிமிஷம் இதுக்குக் கொடுத்தா என்ன?

அதனாலதான் போய்ப் பார்க்கணும் எண்டு சொல்றோம். கொர்தோபாப் பள்ளியில 850க்கு மேற்பட்ட தூண்கள், நடுவில பதினாறாம் நூற்றாண்டில நுழைச்ச பேராலயம். அங்க முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. அந்தத் தூண்களுக்கு நடுவில நின்றா என்ன வரும் எண்டு எங்களுக்குத் தெரியாது. அழுகையா, கோபமா, வெறும் ஆச்சரியமா? வேறொருத்தர் மைக்கில சொல்லித் தாற உணர்ச்சி வேண்டாம், எங்கட சொந்தக் கண்ணால வாறது வேணும். அல்ஹம்றாச் சுவர் முழுக்க "வ லா காலிப இல்லல்லாஹ்" எண்டு எழுதியிருக்கு, அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை எண்டு. அதை எழுதினவங்களும் தோத்துத்தான் போனாங்க. அந்தச் சுவருக்கு முன்னால நின்று அதை வாசிக்கிறது வேற.

எங்கட திட்டத்தில கடைசி நிறுத்தம் வலென்சியா. அங்க ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம் பேராலய வாசலில விவசாயிகள் நீர்மன்றம் கூடுது. எந்த வாய்க்காலுக்கு ஆர் அளவுக்கு மிஞ்சித் தண்ணி திருப்பினது எண்டு வாய்மொழியா விசாரிச்சு அங்கேயே தீர்ப்பு. அந்த ஊரில வாய்க்காலுக்குப் பேர் "அஸெக்கியா", அறபு "ஸாகியா"விலிருந்து வந்தது. ஆட்சி போச்சு, ஆக்களை விரட்டியாச்சு, வாய்க்காலும் அதின்ட பேரும் மிஞ்சியிருக்கு. இதை எங்களில ஒருத்தர் வீட்டில சொன்னப்போ, வயலால வந்து கால் கழுவிக்கொண்டிருந்த வாப்பா நிமிர்ந்து பார்த்தார். அரண்மனைக் கதைக்கெல்லாம் அசையாத மனிசன். "கடைமடைக்காரன் முறைப்பாடு வைச்சா கேட்கிறானுகளா?" எண்டு கேட்டார். கேட்கிறாங்க வாப்பா. "அப்ப அது பார்க்க வேண்டிய இடம்தான்" எண்டார். "என்னத்துக்கு" எண்டு அவர் கேட்கல்ல.

நாங்கள் இந்த வருஷம் போகமாட்டோம். காசில்லை, விசாவும் தரமாட்டாங்க, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் கொப்பியை மூடல்ல. மாசம் ஆளுக்கு ஆயிரம் ரூபா சீட்டு மாதிரிச் சேர்க்கிறோம், முதல் பேர் எங்கட பெண் தோழர்களில ஒருத்தருடையது. ஆர் கேட்டாலும் வேலைக்கு எண்டு பொய் சொல்றதில்லை எண்டும் தீர்மானிச்சிருக்கிறோம். விண்ணப்பத்தில பயண நோக்கம் கேட்கிற இடத்தில எழுதப்போறது ஒரே சொல்தான்: சுற்றுலா.

அடுத்த முறை மாமா கேட்டாலும் பதில் அதுதான். சும்மா மாமா. பார்க்கத்தான்.