பிரக்ஞையை மறுத்தல் விஞ்ஞானமாகுமா?

அனுபவத்தின் அகவயப் பண்பு பற்றிய பேச்சு எழுந்தவுடனேயே அதனை ஆன்மவாதத்தின் எச்சமென ஒதுக்கிவிடும் மனோபாவம் விஞ்ஞானத்தின் பேரால் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. புறத்தே நின்று அளக்கக்கூடியதே உண்மை. ஏனைய யாவும் சொல்மயக்கம் என்பதே அதன் சாரம். உளவியலிலிருந்து பிரக்ஞை பற்றிய பேச்சையே அகற்றவேண்டும் என 1913இல் ஜோன் வற்சன் வாதிட்டபோது அது ஒரு கோட்பாடாக உருப்பெற்றது. நடத்தைவாதம் இன்று வழக்கொழிந்துவிட்டது என்பர். அதன் பழக்கம் ஒழியவில்லை.

இம்மனோபாவம் நூலகங்களுக்குள் அடங்கிக் கிடந்திருப்பின் எவருக்கும் தீங்கில்லை. அது சத்திரசிகிச்சைக் கூடத்தினுள்ளும் புகுந்தது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புமுனையில் தடவிய நஞ்சாகிய குராரே, 1940களில் தசைகளைத் தளர்த்தும் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அது உணர்வையும் அகற்றும் என நம்பிய மருத்துவர் சிலர் அதனை மட்டுமே செலுத்திச் சத்திரசிகிச்சை செய்தனர். நோயாளர் அசையவில்லை, அலறவில்லை. மருந்தின் வேகம் தணிந்தபின், கத்தியின் ஒவ்வோர் அசைவையும் உணர்ந்து துடித்ததாக அவர்கள் கூறினர். அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகளாயிருந்தமையால் அக்கூற்று நம்பப்படவில்லை. இந்நிகழ்ச்சியை 1978இல் தமது கட்டுரையொன்றில் எடுத்துரைத்தவர் வேறெவருமல்லர், பின்னாளில் அகவயப் பண்புகள் என எவையும் இல்லை என வாதிட்ட டானியல் டெனற் என்பது வியப்புக்குரியது.

அமெரிக்காவின் யூற்றாவில் ஸ்கொற் சிமித் என்ற மருத்துவர், செயற்கைச் சுவாசத்தின் துணையோடு உடல் முழுவதும் செயலிழக்கும் அளவுக்குக் குராரேயைத் தமக்கே செலுத்துவித்துக் கொண்டார். இமையையும் அசைக்கவியலாத அந்நிலையிலும் தம்மைச் சுற்றி நிகழ்ந்த யாவற்றையும் தெளிவாக அறிந்திருந்ததாக அவர் பின்னர் அறிவித்தார். தீர்க்கமான சான்றாக அமைந்தது அகத்தே நின்று கண்ட ஒருவரின் வாக்குமூலமே. (குழந்தையின் சொல் தள்ளுபடியாகி, மருத்துவரின் சொல் ஏற்கப்பட்டமை தனியே ஆராயத்தக்கது.)

வாக்குமூலம் தரவே இயலாதோரின் நிலை இதனினும் கொடியது. 1980கள் வரை பச்சிளங்குழந்தைகள் பலர் நோவகற்றும் மருந்து போதியளவு இன்றியே சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர். மருந்தின் ஆபத்துப் பற்றிய அச்சமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சிசுவின் அழுகையை வெறும் அனிச்சைச் செயலெனக் கொண்ட கோட்பாடே மனச்சாட்சியை உறங்கச் செய்தது. அந்நிலையை அசைத்தவை 1987இல் ஆனந்தும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகளாகும்.

தாம் வலியை மறுக்கவில்லை, வலி பற்றிய பிழையான கருத்தையே மறுப்பதாக 2024இல் மறைந்த டெனற் வற்புறுத்தி வந்தார். நன்று. ஆயின் எதிர்வினையும் அறிக்கையும் நீங்கியபின் எஞ்சுவது எதுவுமில்லை எனும் கோட்பாடு, குராரே செலுத்தப்பட்ட குழந்தையின் முன் என்ன கூறும்? உடலினுள்ளே தொடரும் எதிர்வினைகளைச் சுட்டி அவர் தரப்பினர் விடை கூறலாம். அவ்வெதிர்வினைகளை வலியின் அடையாளமெனக் கொள்வதற்கே வலி இன்னதென அகத்தே முன்னர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

உணர்வை ஏற்பின் ஆன்மாவையும் ஏற்கவேண்டிவரும் என்ற அச்சமே இம்மறுப்பின் அடியில் உள்ளது. அவ்வச்சம் ஆதாரமற்றது. மணிமேகலையில் வரும் பூதவாதி, பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூடியவிடத்து மதுவின் களிப்புத் தோன்றுமாறு போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்கிறான். அவ்விளக்கம் போதாததாயிருக்கலாம். ஆனால் விளக்கப்பட வேண்டிய ஒன்று உண்டு என்பதில் அப்பொருள்முதல்வாதிக்கு ஐயமில்லை. அதனையே இல்லையென்று கூறி விளக்கும் பொறுப்பிலிருந்து தப்பிக்கொள்வோர் அவனினும் பின்தங்கியவர்களே.

2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விழித்திருந்தும் பிரக்ஞையற்றவராகக் கருதப்பட்ட இருபத்துமூன்று வயதுப் பெண்ணொருவரிடம் டெனிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுமாறு கூறியபோது, அவருடைய மூளை நலமுடையோரின் மூளை போன்றே இயங்கியது. 2024இல் வெளியான பல்நாட்டு ஆய்வில், ஏவலுக்குப் புறத்தே எவ்வித எதிர்வினையும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை அவ்வேவலுக்கு இணங்கியமை கண்டறியப்பட்டது. கைகால் அசைவை மட்டும் சான்றாகக் கொண்ட பரிசோதனையில் அந்த அறுபது பேரும் ஏவலை உணராதோர் எனவே பதியப்பட்டிருந்தனர்.