தீமுக்காகப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா?

"வேர்ட்பிரஸ் அப்டேட் செய்தேன். தளத்தின் தோற்றமே குலைந்து போய்விட்டது. பழைய வெர்ஷனுக்கே திரும்பிப் போவது எப்படி?" சொந்தமாக இணைய தளம் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. திரும்பிப் போக வழி இருக்கிறது. அவசரத்திற்கு நான்கு நாள் போய் இருப்பதில் தவறும் இல்லை. ஆனால் தீம் ஒன்றைக் காப்பாற்றுவதற்காகப் பழைய வெர்ஷனிலேயே குடியிருப்பது கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புதியவர்களுக்காகச் சற்று விளக்கி விடுகிறேன். வேர்ட்பிரஸ் என்பது இணைய தளங்களை உருவாக்கி நிர்வகிக்க உதவும் இலவச சாப்ட்வேர். 2003 ஆம் ஆண்டு மே மாதம் வெளியானது. இன்று உலகில் உள்ள இணைய தளங்களில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டவை இதில்தான் இயங்குகின்றன. நீங்கள் எழுதும் கட்டுரைகள் எல்லாம் டேட்டாபேஸில் பதிவாகும். அவற்றை எந்த வண்ணத்தில், எந்த அமைப்பில் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பது தீம். இந்த வசதி 2005 ஆம் ஆண்டு வந்த 1.5 வெர்ஷனில் அறிமுகமானது. இவை அனைத்துக்கும் அடியில், சர்வரில், பி.எச்.பி. என்ற புரோகிராம் மொழி இயங்குகிறது. தீம் என்பது வெறும் படமும் வண்ணமும் அல்ல. அதுவும் ஒரு புரோகிராம்தான். இதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஏன் குலைகிறது?

2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் வேர்ட்பிரஸ் 5.5 வந்தபோது பல தளங்களில் மெனு திறக்கவில்லை. ஓடிக் கொண்டிருந்த படக்காட்சி நின்று போனது. காரணம், ஜேகொயரி மைக்ரேட் என்ற துணைப் புரோகிராம் நீக்கப்பட்டதுதான். பழைய கட்டளைகளைப் புதிய ஜேகொயரி புரிந்து கொள்ளும்படி மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. மொழிபெயர்ப்பாளர் போனதும் பழைய தீம் சொன்னது யாருக்கும் புரியவில்லை. வேர்ட்பிரஸ் குழுவினரே அதற்கென ஒரு பிளக் இன் வெளியிட்டு உதவினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் பி.எச்.பி. 8 வந்தது. பழைய தீம்கள் பல பயன்படுத்திய சில கட்டளைகள் அதில் அடியோடு நீக்கப்பட்டன. அத்தகைய தீம் உள்ள தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை அல்லது பிழைச் செய்திதான் கிடைக்கும்.

தள உரிமையாளரின் கோபம் எனக்குப் புரிகிறது. பணம் கொடுத்து வாங்கிய தீம். செய்து கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பீரோவை மாற்றினோம் என்பதற்காக நல்ல பட்டுப் புடவையைத் தூக்கிப் போடு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கோபம் நியாயமானது என்பதால் அதில் எடுக்கும் முடிவும் சரியாகி விடாது.

திரும்பிப் போனால் என்ன ஆகும்?

வேர்ட்பிரஸ் பைல்களை மட்டும் பழையதாக மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புதிய வெர்ஷன்களில் பல, டேட்டாபேஸின் அமைப்பையும் மாற்றி விடுகின்றன. பைல்கள் பழையதாகும், டேட்டாபேஸ் புதியதாகவே இருக்கும். பல சமயங்களில் இப்படியும் ஓடும். ஆனால் உத்தரவாதம் இல்லை. அப்டேட்டுக்கு முன் எடுத்த டேட்டாபேஸ் பேக்கப் இருந்தால்தான் முழுமையாகத் திரும்ப முடியும். அப்போதும் இடையில் எழுதியவை போய்விடும்.

இரண்டாவது சிக்கல் சர்வரில் இருக்கிறது. கோளாறு பி.எச்.பி. மாற்றத்தால் வந்திருந்தால் வேர்ட்பிரஸ்ஸைப் பின்னுக்குத் தள்ளிப் பயனில்லை. பி.எச்.பி.யையும் பழையதாக்க வேண்டும். அதன் 7.4 வெர்ஷனுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்று விட்டன. சர்வர் நிறுவனம் ஒரு நாள் அதை எடுத்து விட்டால் தீமும் போகும், புதிய பி.எச்.பி.க்கு ஒத்துவராத பழைய வேர்ட்பிரஸ்ஸும் சேர்ந்து விழும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு குறையைச் சரி செய்து புதிய வெர்ஷன் வெளியானதும், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்து விடுகிறது. 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 வெளியானது. 4.7, 4.7.1 ஆகிய வெர்ஷன்களில் பாஸ்வேர்ட் இல்லாமலேயே யார் வேண்டுமானாலும் உங்கள் கட்டுரையை மாற்றி எழுதும்படியான குறை இருந்தது. எல்லாரும் அப்டேட் செய்ய அவகாசம் கொடுப்பதற்காக அதை ஒரு வாரம் மறைத்து வைத்து, பிப்ரவரி 1 அன்றுதான் அறிவித்தார்கள். அப்படியும் அடுத்த சில நாட்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. மாட்டிக் கொண்டவை எல்லாம் அப்டேட் ஆகாமல் நின்ற தளங்கள்.

தீமே ஓட்டையாக இருப்பதும் உண்டு. படங்களைச் சிறிதாக்கிக் காட்ட டிம்தம்ப் என்ற சிறு புரோகிராமை ஏராளமான தீம்கள் தம்முடன் சேர்த்துக் கொடுத்தன. 2011 ஆகஸ்ட்டில் அதன் வழியாக ஹேக்கர்கள் நுழைய முடியும் என்பது வெளிப்பட்டது. அப்போது வேர்ட்பிரஸ் எவ்வளவு புதியதாக இருந்தும் பயனில்லை. தீமைத் தந்தவர் திருத்தம் தர வேண்டியிருந்தது. ஆதரவு நின்றுபோன தீமுக்கு அந்தத் திருத்தத்தை யார் தருவார்கள்?

எனக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தீமுக்காகவே தன் தளத்தை இரண்டு ஆண்டுகள் அப்டேட் செய்யாமல் வைத்திருந்தார். தளத்தைத் திறந்தால் எல்லாம் அழகாகவே இருந்தது. ஆனால் கூகுளில் கடையின் பெயரைத் தேடினால் போலி மருந்து விளம்பரங்கள் வந்தன. ஹேக்கர்கள் தேடுபொறிக்கு மட்டும் தெரியும்படி அவற்றை உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. அவர் ஆசைப்பட்டுக் காத்த தோற்றம் அப்படியே இருந்தது. கடையின் நல்ல பெயர்தான் கெட்டது.

"பழைய வெர்ஷன்களுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது சலுகை, வாக்குறுதி அல்ல. 3.7 முதல் 4.0 வரையிலான வெர்ஷன்களுக்கு 2022 டிசம்பரில் அதையும் நிறுத்தி விட்டார்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் பேக்கப். டேட்டாபேஸ், தீம்களும் படங்களும் உள்ள போல்டர் இரண்டையும் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். டேட்டாபேஸ் பைலை நோட்பேடில் திறந்து தமிழ் எழுத்துக்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். எழுத்துக் குறியீடு மாறியிருந்தால், திரும்ப ஏற்றும்போது தமிழ் முழுவதும் கேள்விக் குறிகளாகி விடும்.

அடுத்து, நேரடியாகத் தளத்தில் சோதனை செய்யாதீர்கள். ஸாம்ப் என்ற இலவச சாப்ட்வேரைப் பதிந்து கொண்டால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தளத்தின் நகலை இயக்கி, அப்டேட் செய்து பார்க்கலாம்.

தளம் ஏற்கனவே குலைந்து விட்டதா? தற்காலிகமாகத் திரும்புங்கள். ஆனால் அந்த வரிசையின் கடைசித் திருத்தத்துக்கே போங்கள். 5.4க்குப் போவதானால் முதலில் வந்த 5.4 வேண்டாம், அதே வரிசையில் கடைசியாக வந்த திருத்தத்தை எடுங்கள். சிறிய பாதுகாப்பு அப்டேட்கள் 3.7 வெர்ஷன் முதல் தானாகவே பதிவாகின்றன. அந்த வசதியை நிறுத்தாதீர்கள். காலண்டரில் ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்குள் தீமைச் செய்தவரிடம் புதிய பதிப்பு கேளுங்கள். இல்லையென்றால் அதே வண்ணங்களும் அமைப்பும் வரும்படி புதிய தீம் ஒன்றை மாற்றி அமையுங்கள். மாற்றங்களை சைல்ட் தீம் என்ற தனிப் போல்டரில் செய்தால் அடுத்த அப்டேட்டில் அழியாது.

இனி எதுவும் எழுதப் போவதில்லை, பழைய தோற்றமே வேண்டும் என்கிறீர்களா? அதற்கும் நல்ல வழி உண்டு. தளம் முழுவதையும் சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்களாக மாற்றி வைத்து விடுங்கள். இதற்கென பிளக் இன்கள் உள்ளன. தேடும் கட்டமும் வாசகர் கருத்துப் பகுதியும் இயங்காது. ஆனால் தோற்றம் அப்படியே நிற்கும். சர்வரில் வேர்ட்பிரஸ்ஸே இல்லாததால் அதன் ஓட்டை வழியாக யாரும் நுழையவும் முடியாது.

உங்கள் தளத்துக்கு வருபவர் நீங்கள் எழுதியதைப் படிக்கத்தான் வருகிறார். அது டேட்டாபேஸில் இருக்கிறது, தீமில் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால், எதைக் காப்பாற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.