ஓடினால் இரண்டு ஆண்டு

"தப்பு செய்யாதவன் எதுக்கு ஓடணும்?" டீக்கடையில் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்பார்கள். போலீசைக் கண்டு ஓடியவர் பாலத்திலிருந்து குதித்ததில் கால் முறிந்தது என்பது செய்தி, மாவுக்கட்டோடு படம். படித்தவர் சிரிப்பார். பாலம் இல்லாத ஊரென்றால் ஸ்டேஷன் கழிவறை வழுக்கும். கைதானவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகளே கேட்டுவிட்டார்கள். நாம் கேட்பதாயில்லை.

ஓடுவது அப்படி என்ன குற்றம்? சட்டப்படியான கைதைத் தடுப்பதும் காவலிலிருந்து தப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதா 262ஆம் பிரிவில் வருகின்றன. கூடிப்போனால் இரண்டு ஆண்டு சிறை. கைது செய்யக் காரணமே இல்லாதவர் காக்கியைப் பார்த்து நடையைக் கூட்டினால் அதுவும் ஒட்டாது. ஆர்.சி. புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன், பழைய திருட்டு வழக்கில் தன்னைச் சேர்த்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறவன், ஒருமுறை அடிவாங்கியவன் எல்லோருமே ஓடுவார்கள். அடிவாங்கியவன் ஓடுவதற்குக் குற்றவுணர்ச்சி தேவையில்லை, ஞாபகசக்தி போதும்.

ஓடுபவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைக் கையாளலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்க உரிமை தரவில்லை என்று சொல்வதும் அதே பிரிவுதான். பிடிபட்டவரைத் தப்பாமல் தடுப்பதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46. பிடித்த பிறகு அடிக்கலாம் என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை.

2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போனது ஒரு தம்பதியின் பைக். துரத்திப் போய் வண்டியை உதைத்தார் என்று ஓர் இன்ஸ்பெக்டர் கைதானார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறந்துபோனார். ஹெல்மெட் போடாததற்கு அன்றைய அபராதம் நூறு ரூபாய்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'ஓடினான்' என்று நமக்குச் சொல்வது யார்? 1987 டிசம்பரில் ஒடிசாவில் போலீஸ் பிடித்துப்போன ஓர் இளைஞர் மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்துத் தப்பி ரயிலில் அடிபட்டாராம். தாய் நீலாபதி பெஹரா உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். கயிற்றுக் கதையை நம்பாத நீதிமன்றம், 1993இல் அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2019இல் ஹைதராபாத் அருகே, ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள் என்று பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நால்வர் சுடப்பட்டபோது போலீஸ்மீது பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், இறந்தவர்களில் மூவர் சிறுவர்கள் என்று பின்னர் சொன்னது உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம். தூவிய பூவை யாரும் பொறுக்கிக்கொள்ளவில்லை.

"அப்போ ரவுடியைக் கொஞ்சச் சொல்றீங்களா?" வேண்டாம், தண்டனை வாங்கிக் கொடுங்கள். உடைந்த கால் ரவுடியின் வக்கீலுக்குத்தான் லாபம். வாக்குமூலம் எப்படி வந்தது என்று காட்ட அவருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

வழி இல்லாமலும் இல்லை. கைதானதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ஒப்புக்கொள்ள வைக்க அடித்தால் நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவில் ஏழு ஆண்டு, கொடுங்காயமென்றால் பத்து ஆண்டு. ஓடியவனுக்குக் கிடைப்பதைப்போல் ஐந்து மடங்கு. என்கவுன்டரில் சாவு நடந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சம்பந்தப்படாத அதிகாரிகள் விசாரிக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் படி ரிமாண்ட். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்பார். கூட்டிவந்தவர் இரண்டடி பின்னால் நிற்பார். சிறைக்குப் போவதும் அவருடைய வண்டியில்தான். மாவுக்கட்டுக் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, "இல்லீங்கய்யா, நானா விழுந்துட்டேன்" என்பான்.