தும்பாவின் நீதி தொழிலாளிக்கு இல்லையா?

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. திருவனந்தபுரத்தின் தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், பல்லாண்டு உழைப்பில் உருவான ராக்கெட் அது. செலவானது மக்கள் பணம். ஏவுவதற்குச் சற்றுமுன் கணினி எச்சரித்து நிறுத்தியது. நிபுணர்களின் ஆலோசனைப்படி அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பின்னாளில் அவரே இதைப் பல மேடைகளில் கூறியுள்ளார்.

அவர் பணிநீக்கம் செய்யப்படவில்லை. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்ததை ஆய்வு கண்டறிந்தது, பழுது களையப்பட்டது. 1980 ஜூலை 18 அன்று, அதே இயக்குநரின் தலைமையில், ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று கலாமையே பத்திரிகையாளர்களிடம் பேசச் செய்தார் தவான்.

இந்த வரலாற்றை முதலாளிகளின் மாநாடுகளும் மேலாண்மைக் கல்லூரிகளும் மெச்சிப் பேசுகின்றன. ஆனால் தொழிலாளி தவறிழைத்தால் அவர்களது நீதி மாறிவிடுகிறது: விசாரணை பெயரளவுக்கு, வேலைநீக்கம் உடனடியாக!

ரயில் ஓட்டுநருக்கு வேறு நீதி

2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் ஓட்டுநர்கள், கேரளத்தில் பணிபுரிவோர் உட்பட, முறையான வார ஓய்வு கேட்டும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது என்றும் போராடினர். களைப்பே விபத்துக்கு வித்து என்று எச்சரித்தனர். நிர்வாகம் தந்த பதில் ஒழுங்கு நடவடிக்கை.

அதே மாதம் 17ஆம் தேதி, மேற்கு வங்கத்தின் ரங்காபாணி அருகே காஞ்சன்ஜங்கா விரைவு ரயில் மீது சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயில் ஓட்டுநரும் உயிரிழந்தார். அன்றே ரயில்வே வாரியத் தலைவர், ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்றார். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வேறு உண்மையைச் சொன்னது: தானியங்கி சிக்னல் பழுதானபோது ஓட்டுநருக்குத் தரப்பட்ட அனுமதிப் படிவமே தவறானது, வேகக் கட்டுப்பாடு குறித்த தெளிவான உத்தரவும் இல்லை. தும்பாவில் தலைமை பொறுப்பேற்றது. ரங்காபாணியில் பழி இறந்தவர் மீது சுமத்தப்பட்டது.

சட்டம் தந்ததும் பறிப்பதும்

மறுவாய்ப்பு என்பது நிர்வாகத்தின் கருணை அன்று. தொழிற்தகராறு சட்டத்தில் 1971இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு, மிகையான தண்டனையைக் குறைத்து, தொழிலாளியை மீண்டும் வேலையில் அமர்த்தத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. தண்டிக்குமுன் தவறின் தன்மையையும் தொழிலாளியின் முந்தைய பணிப் பதிவையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்றன மாதிரி நிலையாணைகள்.

2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலுறவுத் தொகுப்பு, நிலையாணைகளுக்கான வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது. குறித்த கால வேலை முறைக்கும் அது சட்ட அங்கீகாரம் தருகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தவரை வெளியேற்ற, குற்றச்சாட்டும் விசாரணையும் எதற்கு? புதுப்பிக்க மறுத்தாலே போதும்!

எது தவறு, எது குற்றம்?

"உயிர்ப்பலி நேர்ந்தாலும் மன்னிப்பதா?" என்று கேட்கிறார்கள். கையூட்டு, போதையில் பணி, வேண்டுமென்றே செய்த தீங்கு ஆகியவை குற்றங்கள். அவற்றுக்குத் தண்டனை வேண்டும். எந்தத் தொழிற்சங்கமும் அவற்றுக்குக் கேடயமாகக் கூடாது. களைப்பிலும் ஆள் பற்றாக்குறையிலும் தவறான உத்தரவிலும் பிறக்கும் பிழை வேறு. அதற்கு ஒருவரை வெளியேற்றினால் காரணம் அப்படியே இருக்கும். அடுத்தவரும் அதில் விழுவார். வேலை போகும் என்று அஞ்சுபவர் சிறு பிழையை மறைப்பார். அது பெரு விபத்தாகும். அமெரிக்க விமானிகள் வேண்டுமென்றே செய்யாத பிழைகளை அச்சமின்றித் தெரிவிக்கும் ஏற்பாட்டை, அவர்கள் பெயரை வெளியிடாமல், 1976 முதல் நாசா நடத்திவருவது இதனால்தான். உயிரிழந்தோர் குடும்பங்களுக்கும் முதலில் தேவைப்படுவது உண்மைக் காரணம்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. விசாரணை முடியுமுன் பழி சுமத்தக் கூடாது. விசாரணையில் தொழிற்சங்கப் பிரதிநிதித்துவம் வேண்டும். பணி நேரமும் ஆள் பலமும் ஆராயப்பட வேண்டும். உத்தரவிட்டவரும் பதில் சொல்லியாக வேண்டும். மறுபயிற்சியும் மறுவாய்ப்பும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உரிமையாக வேண்டும்.

விஞ்ஞானிக்குக் கிடைத்த நீதி சரியானதே. அதைத் தண்டவாளத்துக்கும் ஆலைக்கும் மருத்துவமனை வார்டுக்கும் கொண்டுசெல்வது தொழிற்சங்க இயக்கத்தின் கடமை.