‘வயசானா இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்!

சரியாகச் சாப்பிடுவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், பேரப்பிள்ளைகளிடம்கூடப் பேசுவதில்லை... வீட்டுப் பெரியவர் இப்படி இருந்தால், ‘வயசானா இப்படித்தான்’ என்று சொல்லிவிடுவது பல வீடுகளில் வழக்கம். அது மனச்சோர்வாக இருக்கலாம். முதுமையிலும் அதற்குச் சிகிச்சை பலன் தரும்.

ஆனால், மாத்திரை விஷயத்தில் முப்பது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் கணக்கு வேறு. வயது ஏற ஏற, கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். அதனால்தான் டாக்டர்கள் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள். உதாரணமாக, சிட்டலோப்ராம் மாத்திரையின் உச்ச அளவு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 மட்டுமே. மீறினால் இதயத்துடிப்பின் சீர் கெடலாம்.

பலன் தெரியவும் நாளாகும். சில முதியவர்களுக்கு 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம். ‘பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியலையே’ என்று நிறுத்திவிடக் கூடாது.

முதல் மாதம் உஷார்!

எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கும் பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அசதி, தலைவலி, தள்ளாட்டம், திடீர்க் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். இதையும் ‘வயசானா இப்படித்தான்’ என்று விட்டால், கீழே விழுந்து எலும்பு முறியலாம். சோடியம் மிகவும் குறைந்தால் வலிப்பே வரலாம்.

ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். 135 முதல் 145 வரை இருந்தால் இயல்பு. குறைந்திருந்தால், சாப்பாட்டில் உப்பைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் உடலில் நீர் தங்குவதால் வரும் பிரச்னை இது. என்ன செய்வதென்று டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை ஆகியவற்றோடு இந்த வகை மருந்து சேரும்போது ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். முகம் தெளிந்துவிட்டது என்பதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும், மனச்சோர்வும் திரும்பலாம். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதையும் டாக்டரே சொல்லட்டும்.